உடைந்த காலும் உறைந்த இயந்திரமும்

முன்னுரை

மகிழுந்து என்றதும் நம் மாணவர்களுக்கு ஓட்டுநர் உரிமமும் மாதத் தவணையும்தான் நினைவுக்கு வருகின்றன. முன்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பவர் நம்மில் குறைவு. பார்த்ததைத் தமிழில் எழுதி வைப்பவர் அதனினும் குறைவு. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் நோக்கில், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இயந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்த வேலையை இங்குப் படிப்படியாக விளக்க முயல்கிறேன். அவ்வேலை நடந்த நான்கு மாதங்களும் என் வலது கால் எலும்பு கூடிக்கொண்டிருந்த மாதங்கள் ஆகும். ஆகவே இக்கட்டுரையில் இரும்போடு எலும்பும் இடம்பெறுகிறது.

ஃபுட்சல் ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தது. ஆறு வாரத்திற்குக் காலை ஊன்றவே கூடாது என்றார் மருத்துவர். ஒரு பருவப் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஈப்போவிலுள்ள பெரியப்பா வீட்டிற்குச் சென்றேன். வீட்டையொட்டிய அவரது பட்டறையில் 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. மகிழுந்து ஒன்று பதினொரு ஆண்டுகளாக ஓடாமல் நின்றிருந்தது. நீரிழிவு நோயால் பெரியப்பாவின் விரல் நுனிகளில் உணர்ச்சி குன்றியிருந்தது. சிறிய மரைகளை அவரால் பிடிக்க இயலாது. தீபாவளிக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தார். அவரிடம் நடக்கும் கால்களும் நாற்பதாண்டு அனுபவமும் இருந்தன. என்னிடம் இரண்டு கைகள் இருந்தன.

இயந்திரத்தின் பின்னணி

எம்.ஜி.பி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் நகருக்கு அருகிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்டது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. நான்கு உருளைகள் கொண்ட இதன் இயந்திரத்தின் கொள்ளளவு 1798 கன சென்டிமீட்டர் ஆகும். உருளையின் விட்டம் 80.26 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். தொடக்கத்தில் வணரித்தண்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964-இல் அவை ஐந்தாக உயர்த்தப்பட்டன. இதனால் தண்டு வளைந்தாடுவது குறைந்து இயந்திரம் அமைதியாக ஓடியது.

இவ்வியந்திரம் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே தனியாகப் பிறந்ததன்று. பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையைச் சேர்ந்த 1489 கன சென்டிமீட்டர் இயந்திரமே இந்தியாவின் அம்பாசிடர் மகிழுந்தில் நெடுங்காலம் பொருத்தப்பட்டது. பழைய தமிழ்த் திரைப்படங்களில் நாம் கண்ட அம்பாசிடரும் இந்த எம்.ஜி.பி.யும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எனலாம்.

நோயாளிக்கு ஏற்ற வேலைத் திட்டம்

காயத்தோடு பட்டறைக்குள் செல்பவர் முதலில் பிரிக்க வேண்டியது வேலையைத்தான். இயந்திரத்தை வண்டியிலிருந்து தூக்குவது, தாங்கியில் ஏற்றுவது, மீண்டும் இறக்குவது ஆகிய மூன்றும் சங்கிலிக் கப்பியோடு நடமாடக்கூடியவர் செய்ய வேண்டியவை. அவற்றைப் பெரியப்பாவும் பக்கத்துக் கடை நண்பர் ஒருவரும் செய்தனர். கழுவுதல், அளத்தல், அடையாளமிடுதல், கார்புரேட்டரைப் பிரித்துச் சீராக்குதல் ஆகியவை உட்கார்ந்தே செய்யக்கூடியவை. அவை என் பங்காயின.

மேலும் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். அரை மணி நேரத்திற்கு ஒருமுறை காலை உயர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிடில் வீக்கம் கூடும். மயக்கம் தரும் வலி மாத்திரை உண்ட நாளில் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. பெட்ரோலைக் கொண்டு எதையும் கழுவக்கூடாது. ஊன்றுகோல் செல்லும் வழியில் எண்ணெய்த் துளி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இவ்விதிகள் பயத்தால் எழுந்தவை அல்ல. ஒருமுறை வழுக்கினால் ஆறு வாரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்ற கணக்கினால் எழுந்தவை.

உறைந்ததை விடுவித்தல்

நெடுநாள் ஓடாத இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் துருவால் உருளைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வேளையில் பலங்கொண்டு திருப்பினால் வளையம் முறியும். சில வேளைகளில் பிஸ்டனே உடையும். ஆகவே தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, டீசலும் தானியங்கி கியர் எண்ணெயும் கலந்த கலவையை அத்துளைகளின் வழியே ஊற்றினோம். நாள்தோறும் சிறிது சேர்த்து, நெம்புகோலால் மெல்ல அசைத்துப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் நூலளவு அசைந்தது. "இரும்புக்கு அவசரம் தெரியாதுடா தம்பி," என்றார் பெரியப்பா. பதறாத காரியம் சிதறாது என்பது தமிழ்ப் பள்ளியில் மனனம் செய்த பழமொழி. அதன் பொருள் எனக்குப் பட்டறையில்தான் முழுமையாக விளங்கியது.

பிரித்தலும் வரிசை காத்தலும்

பிரிக்கும்போது முதன்மையான விதி, எதுவும் இடம் மாறக்கூடாது என்பதாகும். பேரிங் மூடிகள் அந்தந்த இடத்தில் பொருத்தப்பட்ட நிலையில்தான் தொழிற்சாலையில் துளையிடப்படுகின்றன. ஆகவே ஒன்றின் மூடியை மற்றொன்றில் பொருத்தினால் வட்டம் வட்டமாக இராது. தள்ளுதண்டுகளும் அவற்றின் கீழுள்ள டேப்பட்டுகளும் தத்தம் இணையோடு தேய்ந்து பழகியவை. எனவே ஓர் அட்டையில் எட்டுத் துளைகளிட்டு எண் எழுதி, தண்டுகளை வரிசையாகச் செருகி வைத்தேன். மற்றவற்றிற்குக் காலி மைலோ டின்களும் முட்டை அட்டைகளும் போதுமானவையாக இருந்தன.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். இவ்வண்டியின் மரைகள் அங்குல அளவில் அமைந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். நம் வீடுகளிலுள்ள 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அழுத்தம் கூடும்போது வழுக்கி மரையின் முனைகளை மழுக்கிவிடும். எனவே அங்குல ஸ்பேனர் தொகுதி ஒன்று கட்டாயம் தேவை.

அளத்தல்

பிரித்ததைச் சேர்ப்பது மட்டும் சீரமைப்பு ஆகாது. எவ்வளவு தேய்ந்துள்ளது என்று அறிந்த பின்பே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய இயலும். உருளை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத் தேய்வதில்லை. எரிபொருள் வெடிக்கும்போது மேற்பகுதியில் அழுத்தமும் வெப்பமும் மிகுதி, எண்ணெய் குறைவு. எனவே அங்கேதான் தேய்மானம் அதிகம். வளையம் எட்டாத உச்சியில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே அது தட்டுப்படும்.

பட்டறையில் அளவின் அலகு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது 0.0254 மில்லிமீட்டர். வணரித்தண்டிற்கும் அதன் பேரிங்கிற்கும் இடையே இத்தகைய பங்கு ஒன்று முதல் ஏறத்தாழ மூன்று வரை இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலமே தண்டைத் தாங்குகிறது. தண்டு தேய்ந்திருந்தால் அதைப் பத்து அல்லது இருபது பங்கு கடைந்து, அதற்கேற்பத் தடித்த பேரிங் பொருத்துவர். எங்கள் தண்டிற்குப் பத்துப் பங்கு கடைதல் போதுமானதாக இருந்தது. கடைசல் வேலையும் உருளை மெருகேற்றலும் வெளிப் பட்டறையில் நடந்தன.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட இயந்திரம் இது. உலகில் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோலின் விற்பனை 2021-இல் முற்றாக நின்றுவிட்டது. எனவே புகைவாயில் வால்வுகள் அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பதிக்கச் செய்தோம்.

சேர்த்தல்

சேர்க்கும் வேலையில் தூய்மையே முதற்கருவி. ஒரு மணல் துகள் போதும், புதிய பேரிங்கில் கீறல் விழும். ஒவ்வோர் உறுப்பையும் கழுவி, எண்ணெய் பூசி, பின்னரே பொருத்தினேன். வணரித்தண்டின் சக்கரத்திலும் வால்வுகளை இயக்கும் நெம்புருள்தண்டின் சக்கரத்திலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கும்படி சங்கிலியை மாட்ட வேண்டும். தலைப்பகுதியின் மரைகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில், முறுக்குவிசைக் கருவியால் 45 முதல் 50 பவுண்டு-அடி வரை இறுக்க வேண்டும். ஒரு மரையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால் தலைப்பகுதி கோணிவிடும்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்வதில் ஓர் அழகிய கணக்கு உண்டு. எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து பின்னாக எண் கொடுங்கள். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். மூன்றாம் வால்வு திறந்திருந்தால் ஆறாவதைச் சரிசெய்யலாம். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். உருளைகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிவதாலும், வால்வுகள் முன்னும் பின்னும் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருப்பதாலும் இக்கணக்கு பொருந்துகிறது. இடைவெளியின் அளவு 0.015 அங்குலம்.

எலும்பு கூடும் முறை

இதே காலத்தில் என் காலுக்குள்ளும் ஒரு வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு உருவாகிறது. அதன்பின் அது மெல்ல மெல்லக் கடினமான எலும்பாக மாறுகிறது. இறுதியாக, மிகுதியான பகுதிகள் கரைந்து எலும்பு தன் பழைய வடிவத்தை நெருங்குகிறது. இந்தக் கடைசிக் கட்டம் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கலாம். ஆறாம் வாரத்து எக்ஸ்-ரே படத்தில் முறிவைச் சுற்றி மேகம்போல் வெள்ளைப் படலம் ஒன்று தெரிந்தது. அது நல்ல அறிகுறி என்றார் மருத்துவர்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எடுத்துரைத்தார். சுமையே இல்லாத எலும்பு மெலியும். எனவே இயன்முறைச் சிகிச்சையாளர் முதலில் பாதம் தரையைத் தொடுமளவும், பின்னர் உடல் எடையில் ஒரு பகுதியும், அதன்பின் முழு எடையும் என்று படிப்படியாக ஏற்றினார்.

புதுப்பித்த இயந்திரத்தையும் இவ்வாறே பழக்க வேண்டும். நெம்புருள்தண்டும் டேப்பட்டுகளும் புதியவையாயின், முதல் ஓட்டத்தில் வெறுமனே மெதுவாக ஓடவிடக்கூடாது. ஏறத்தாழ இருபது நிமிடம் நிமிடத்திற்கு 2000 சுழற்சி அளவில் ஓட வேண்டும். அப்போதுதான் அவற்றிற்குப் போதிய எண்ணெய் தெறிக்கும். அதன்பின் முதல் 800 கிலோமீட்டர் வரை மிதமான சுமையோடும் மாறும் வேகத்தோடும் ஓட்ட வேண்டும். அதிகச் சுமை கெடுக்கும், சுமையின்மையும் கெடுக்கும். வளையங்கள் உருளையோடு இசைவது இடைப்பட்ட உழைப்பால்தான்.

ஆயினும் இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. தேய்ந்த இரும்பு தானாக வளர்வதில்லை. அதைச் சீராக்க இன்னும் கொஞ்சம் கடைந்தெடுக்கத்தான் வேண்டும். எலும்போ தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு இடையூறு செய்யாதிருப்பதும், உரிய நேரத்தில் உரிய சுமையைத் தருவதும்தான். படுக்கையில் கிடந்து நாள்களை எண்ணியபோது இந்த வேறுபாடு எனக்கு ஆறுதல் அளிக்கவில்லை. பட்டறையில் தேய்ந்த தண்டைக் கையில் பிடித்தபோதுதான் அளித்தது.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

ஆறாம் ஆண்டு வரை நான் தமிழில் கற்றேன். இடைநிலைப் பள்ளியில் அறிவியலை மலாயில் கற்றேன். பெரியப்பாவோ கருவிகளின் பெயரை ஆங்கிலத்திலும், கணக்கை மலாயிலும், அறிவுரையைத் தமிழிலும் கூறுவார். இம்மூன்றையும் இணைத்து நாள்தோறும் இரவில் குறிப்பேட்டில் தமிழில் எழுதினேன். அப்போது கண்டுகொண்ட சொற்களுள் ஒன்று வணரி. 'வணர்' என்றால் வளைவு. வளைந்து வளைந்து செல்லும் அத்தண்டிற்கு வணரித்தண்டு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! பெயரைக் கேட்டாலே உருவம் தெரிகிறது. அதேவேளையில் பிஸ்டன், பேரிங், ஸ்பேனர் ஆகியவற்றைப் பட்டறைத் தமிழர் பல தலைமுறைகளாகத் தம் சொற்களாகவே ஆண்டு வருகின்றனர். அவற்றை விரட்ட வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. புரியாத இடத்தில் விளக்கும் சொல்லும், பழகிய இடத்தில் பழகிய சொல்லும் இருந்தால் தமிழில் எந்தத் தொழிலையும் எழுதலாம்.

முடிவுரை

பதினேழாம் வாரத்தில் இயந்திரம் ஓடியது. அப்போது நான் ஒற்றைக் கோலோடு நடந்துகொண்டிருந்தேன். இரும்புக்காரருக்குப் போகவிருந்த வண்டி இன்று பெரியப்பாவைச் சந்தைக்கு அழைத்துச் செல்கிறது. படியிறங்கும்போது என் கணுக்கால் இன்னும் சற்று இறுகுகிறது. அதற்கும் காலம் உண்டு என்று சிகிச்சையாளர் கூறியுள்ளார்.

காயமுற்று ஒரு பருவத்தை இழக்கும் மாணவர்கள் நம் வளாகத்தில் ஆண்டுதோறும் உள்ளனர். அக்காலத்தை வீண் என்று கருத வேண்டாம் என்பதே அவர்களுக்கு நான் கூற விரும்புவது. அமர்ந்த இடத்தில் கற்கக்கூடிய கைத்தொழில் ஒன்று எங்கேனும் இருக்கும். அதைக் கற்பிக்கக் காத்திருக்கும் மூத்தவர் ஒருவரும் நம் குடும்பத்திலேயே இருப்பார். அவரது விரல்கள் ஓய்வதற்குள் அவரிடம் கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுதி வைப்போமாக.