தானாகத் தட்டையாகிவிடாது

மார்பகப் புற்றுநோயால் மார்பை எடுத்த பிறகு, சிலிகானோ வயிற்றுச் சதையோ வைத்து மறுபடி மார்பு உருவாக்க வேண்டாம், நெஞ்சு தட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவெடுக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்காக அமெரிக்காவில் தன்னார்வலர்கள் பலர் உழைக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் அதே அறுவை சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள். நாள்தோறும் அவர்கள் எதிர்கொள்ளும் நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: மார்பு மறுசீரமைப்பு வேண்டாம் என்றால் போதும், நெஞ்சு தானாகத் தட்டையாகிவிடும்.

உண்மை: ஆகாது. மார்பகத் திசு முன்பக்கம் மட்டும் இருப்பதில்லை; அக்குள் வரை பரவியிருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மேல்தோலை அப்படியே சேர்த்துத் தைத்தால், தையலின் ஓரத்தில் சதை மடிந்து துருத்திக்கொண்டு நிற்கும். அறுவை மருத்துவர்கள் இதை ‘டாக் இயர்’ என்பார்கள். கையை இறக்கினால் உரசும், உள்ளாடையின் விளிம்பு அழுத்தும். பருமனான உடல்வாகு கொண்டவர்களுக்குத் தொல்லை அதிகம். இதைத் தவிர்க்க, மிகையான தோலையும் கொழுப்பையும் பார்த்துப் பார்த்து நீக்கி, மிச்சத்தை இழுத்துச் சமப்படுத்தித் தைக்க வேண்டும். நேரமும் கைத்திறனும் தேவைப்படும் வேலை அது.

2020இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் கலைச்சொல் அகராதியில் ‘ஏஸ்தெட்டிக் ஃப்ளாட் க்ளோஷர்’ என்ற பெயரைச் சேர்த்தது. நெஞ்சின் வடிவத்தை மீண்டும் அமைக்கும் அறுவை சிகிச்சை என்பது அதன் விளக்கம். வெறுமனே விட்டுவிடுவது அல்ல இது, செய்யப்படும் ஒன்று என்பதை அந்த ஒரு சொல் ஊர்ஜிதப்படுத்திவிட்டது. பெயரே இல்லாத ஒன்றை நோயாளி எப்படிக் கேட்டு வாங்குவார்?

நம்பிக்கை: நோயாளி தெளிவாகக் கேட்டால் மருத்துவர் செய்துவிடுவார்.

உண்மை: பலர் செய்கிறார்கள், எல்லோரும் அல்ல. கிம் போல்ஸ் என்ற பெண் தட்டை நெஞ்சுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். கண்விழித்துப் பார்த்தால், பின்னால் மனம் மாறினால் உதவும் என்று தோலை மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த வேதனையிலிருந்து அவர் தொடங்கியதுதான் ‘நாட் புட்டிங் ஆன் எ ஷர்ட்’ அமைப்பு. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 931 பெண்களிடம் கேட்டறிந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 22 விழுக்காட்டினர் இத்தகைய மறுப்பைக் கடுமையாகச் சந்தித்திருந்தார்கள். ஒன்று, மருத்துவர் இந்த வழியைச் சொல்லவே இல்லை. அல்லது முடிவை ஆதரிக்கவில்லை. அல்லது வேண்டுமென்றே தோலை விட்டுவைத்தார். ஆய்வில் பங்கேற்ற பெண்கள் பெரும்பாலும் ஆதரவுக் குழுக்கள் வழியே வந்தவர்கள். ஆகவே எல்லா நோயாளிகளுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் மயக்கத்தில் கிடப்பவர் நாளை மனம் மாறுவார் என்று இன்னொருவர் தீர்மானிப்பதைக் கரிசனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அது அத்துமீறல்.

நம்பிக்கை: மனம் உடைந்துபோனவர்கள்தான் இப்படி முடிவெடுப்பார்கள், பிறகு வருந்துவார்கள்.

உண்மை: அதே ஆய்வில் 74 விழுக்காட்டினர் தங்களுக்குக் கிடைத்த பலனில் நிறைவாக இருந்தார்கள். சீக்கிரம் உடல் தேறவேண்டும், உடம்புக்குள் அந்நியப் பொருள் வேண்டாம் என்பவைதான் அவர்கள் சொன்ன முதன்மைக் காரணங்கள். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் மார்பை எடுத்த பிறகு செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரிடம் போனபோது, அது அங்குள்ளவர்களின் மனத்தைத் தளர்த்தும் என்று அங்கிருந்த செவிலியர் கண்டித்தார். 1980இல் வெளிவந்த தன் நூலில் லார்ட் அதை எழுதியிருக்கிறார். தளர்ந்தது யாருடைய மனம் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

நம்பிக்கை: ஒருமுறை தட்டை என்றால் மாற்றவே முடியாது.

உண்மை: ஆண்டுகள் கழித்தும் மறுசீரமைப்பு செய்துகொள்ளலாம், கதிர்வீச்சு பட்ட தோலில் மட்டும் சிரமம் கூடும். இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுத் தட்டையாக்கிக்கொள்பவர்களும் உண்டு.

நம்பிக்கை: இந்தத் தன்னார்வலர்கள் மறுசீரமைப்புக்கு எதிரிகள்.

உண்மை: இல்லை. விரும்புகிறவர் செய்துகொள்ளட்டும், வேண்டாம் என்பவருக்கும் அதே அக்கறையோடு தைத்துவிடுங்கள் என்பதே அவர்கள் கேட்பது. நோயாளிகள் பரிந்துரைத்த அறுவை மருத்துவர்களின் பட்டியலைத் திரட்டுகிறார்கள். தங்கள் தழும்புகளையே படமெடுத்துக் கொடுக்கிறார்கள், அடுத்து வரும் பெண் அதை மருத்துவரிடம் நீட்டி, “எனக்கு இப்படித்தான் வேண்டும், தோல் எதுவும் மிச்சம் வைக்காதீர்கள், இதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்” என்று சொல்வதற்காக.