தறி ஓயுமுன் கடன் ஓயவேண்டும்

அங்கத்தினர் படிப்புப் பகுதி: வீட்டுச் சேமிப்பும் ஈட்டுக் கடனும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அங்கத்தினர்களின் கைப்புத்தகங்களைச் சங்கப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது எம்போன்றோர் கடமைகளுள் ஒன்று. கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் அவ்வாறு ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாளில், ஐம்பத்தைந்து வயதான நெசவாளர் ஒருவர் தம் புத்தகத்தை நீட்டினார். ஐந்தாண்டுகளுக்கு முன் வீட்டை ஈடு வைத்து ரூ. 2 லட்சம் கடன் பெற்றவர். நூற்றுக்கு 12 வட்டி; பத்தாண்டுக் கெடு; மாதத் தவணை ரூ. 2,869. இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை.

“பாதிக் கடன் தீர்ந்துவிட்டது, ஐயா. இனி ஒரு லட்சந்தான்” என்றார் அவர், மனநிறைவோடு.

பேரேட்டைப் பார்த்தேன். நிலுவை அசல் சுமார் ரூ. 1,29,000 என்றிருந்தது. அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. இருமுறை கூட்டிக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் நான் கட்டிய பணமெல்லாம் எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

சங்கக் கணக்கில் பிழை ஏதுமில்லை. அவரிடத்திலும் நாணயக் குறைவு இல்லை. ஆயினும் கணக்கறியாமல் ஐந்தாண்டு கழித்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. தவணைக்குள் இருப்பது என்ன?

சமத் தவணைக் கடனில் மாதந்தோறும் கட்டும் தொகை ஒன்றேயாயினும், அதன் உட்பிரிவு மாதந்தோறும் மாறுகிறது. நூற்றுக்கு 12 ஆண்டு வட்டி என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று. முதல் மாதத்தில் ரூ. 2 லட்சத்துக்கு வட்டி ரூ. 2,000. கட்டிய ரூ. 2,869 இல் வட்டி போக, அசலுக்குச் சேர்வது ரூ. 869 மட்டுமே. இரண்டாம் மாதம் வட்டி ரூ. 1,991, அசலுக்கு ரூ. 878. இப்படி வட்டி மெல்லக் குறைய, அசலில் வரவாகும் பங்கு மெல்லக் கூடுகிறது.

நம் நெசவாளர் 60 தவணைகளில் கட்டியது ரூ. 1,72,140. அதில் வட்டிக்குப் போனது ஏறத்தாழ ரூ. 1,01,000, அசலில் கழிந்தது ஏறத்தாழ ரூ. 71,000. ஆகவே கெடுவில் பாதி கழிந்தபோதும் கடனில் மூன்றில் ஒரு பங்கே சற்று மேலாகக் கழிந்திருந்தது. இதில் மாயம் எதுவுமில்லை. எந்தச் சங்கத்திலும் எந்த வங்கியிலும் சமத் தவணைக் கணக்கு இவ்வாறே நடைபெறும். அங்கத்தினர் கவனிக்க வேண்டுவது, தாம் கட்டிய தவணைகளின் எண்ணிக்கையை அன்று, நிலுவை அசலை.

2. ஓய்வு நாளை யார் குறிப்பது?

அரசாங்க ஊழியர்க்கு ஓய்வு நாளை அரசாணை குறிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் அது 60 வயது. நெசவாளர்க்கும் குடியானவர்க்கும் அத்தகைய ஆணை வருவதில்லை. குழித்தறியில் மிதி மிதிக்கும் முழங்காலும், இழை அறுந்த இடம் தேடும் கண்ணுமே அந்த நாளைக் குறிக்கின்றன. அவை முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

மேற்கண்ட நெசவாளரின் கடைசித் தவணை அவருடைய அறுபதாம் வயதில் விழுகிறது. அதுவரை உடல் இடங்கொடுக்குமா என்று கேட்டேன். “முழங்கால் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டது” என்றார். அவர் தறியை விட்டிறங்கிய பின்னும் கடன் நின்றால், ஒன்று மகன் தலையில் விழும். அல்லது வீட்டின்மேல் விழும். ஆகையால் ஒவ்வோர் அங்கத்தினரும் ஓய்வு ஆண்டு எது என்று தாமே முடிவு செய்து, கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். கடைசித் தவணை அந்த ஆண்டுக்கு முன்னதாக முடிகிறதா என்பதே முதற்கேள்வி.

3. வீட்டுக்கும் ஓர் ஐந்தொகை

ஆண்டு முடிவில் சங்கம் ஐந்தொகை தயாரித்துப் பேரவைமுன் வைக்கிறது. நம் வீட்டுக்கு ஐந்தொகை உண்டா? இதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாதத்தில் ஒரு குறித்த நாளில், கணவனும் மனைவியும் கூடி உட்கார்ந்து, ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

இடப்பக்கம், கையிலுள்ளவை: ரொக்கம், வங்கி இருப்பு, அஞ்சலகச் சேமிப்பு, சங்கத்து வைப்பும் பங்குத் தொகையும், நெசவாளர் சேமிப்பு நிதி, சீட்டில் கட்டிய தொகை.

வலப்பக்கம், கொடுக்கவேண்டியவை: ஈட்டுக் கடனின் நிலுவை அசல், நகைக் கடன், மகளிர் குழுக் கடன், பயிர்க் கடன், கடைப்பாக்கி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று.

குடியிருக்கும் வீட்டையும் மனைவியின் தாலியையும் இடப்பக்கத்தில் எழுதலாகாது. அவை விற்பதற்கு உரியவை அல்ல. வலப்பக்கத்தில் எதையும் மறைக்கலாகாது. சிறு கைமாற்றையும் எழுத வேண்டும். இடப்பக்கக் கூட்டிலிருந்து வலப்பக்கக் கூட்டைக் கழித்து, வரும் எண்ணை அடியில் எழுதுக. ஒரு மாதத்து எண்ணைக் கண்டு மகிழவோ கலங்கவோ வேண்டாம். ஆறு மாதத்து எண்களை வரிசையாகப் பார்த்தால் குடும்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெற்றென விளங்கும்.

அந்த நெசவாளரின் மனைவியாரை அன்றே அழைத்து வரச் செய்து முதற்பக்கத்தை எழுதினோம். வீட்டுக் கணக்கு அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. சீட்டில் எடுத்ததும் அஞ்சலகத்தில் போட்டதுமாக ரூ. 60,000 அவர் சேர்த்து வைத்திருந்தார். கணவருக்கு அது புதுச் செய்தி!

நெசவாளர் பலர் மறந்துபோகும் இனம் இன்னொன்றுண்டு. 1975 முதல் நடைபெறும் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், கூலி ஒரு ரூபாய்க்கு நெசவாளர் பங்கு 8 காசு. அரசாங்கத்தின் பங்கு 4 காசு. மாதக் கூலி ரூ. 8,000 என்றால் மாதந்தோறும் ரூ. 960 அவர் பெயரில் சேர வேண்டும். அது சரியாக வரவு வைக்கப்பட்டுள்ளதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்துக்கொள்வது அங்கத்தினரின் உரிமை, கடமையுங்கூட.

4. சேமிப்பைக் கடனில் கட்டலாமா?

“ரூ. 60,000 ஐயும் இன்றே கட்டிவிடுகிறேன்” என்றார் நெசவாளர். வேண்டாமென்று தடுத்தேன். கையைத் துடைத்துவிட்டுக் கடனை அடைப்பவர், வீட்டில் ஒருவர் நோயுற்றால் மறுபடியும் கடன் தேடுவார். அவசரத்தில் கிடைக்கும் கடன் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக் கடனாகவே இருக்கும். ஆண்டுக்கு அது நூற்றுக்கு 36. நூற்றுக்கு 12 வட்டியை அடைக்கப்போய் 36 வட்டியில் விழுவது அறிவுடைமையாகாது.

அவர் குடும்பத்தின் மாதச் செலவு ஏறத்தாழ ரூ. 10,000. மூன்று மாதச் செலவான ரூ. 30,000 ஐ எடுக்கத்தக்க வைப்பில் நிறுத்திக்கொண்டு, எஞ்சிய ரூ. 30,000 ஐ அசலில் கட்டச் சொன்னேன். அதன் பயன் இது: எஞ்சியிருந்த 60 தவணை 43 ஆகக் குறையும். வட்டியில் ஏறத்தாழ ரூ. 20,000 மிச்சமாகும். அதே ரூ. 30,000 ஐ நூற்றுக்கு 7 வட்டியில் ஐந்தாண்டு வைத்திருந்தால் கிடைக்கும் வட்டி சுமார் ரூ. 12,000 தான். ஐம்பத்தெட்டரை வயதை ஒட்டி அவர் கடனிலிருந்து விடுபடுவார்.

மொத்தமாகக் கட்ட இயலாதவர்க்கும் வழியுண்டு. இதே நிலுவைக்கு மாதம் ரூ. 500 கூடுதலாகக் கட்டினால் 60 தவணை 49 ஆகும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்: கூடுதல் தொகையை அசலில் வரவு வைக்குமாறும், தவணைத் தொகையைக் குறைக்காமல் கெடுவைக் குறைக்குமாறும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்று கடன் பத்திரத்திலும் துணைவிதியிலும் பார்க்க வேண்டும்; மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அத்தகைய அபராதம் வாங்கலாகாதென ரிசர்வ் வங்கி 2012 இல் ஆணையிட்டுள்ளது. பல கடன்கள் இருந்தால், மிகுந்த வட்டிக் கடனையே முதலில் அடைக்க வேண்டும். கூட்டுறவுப் பயிர்க் கடனை உரிய கெடுவுக்குள் செலுத்துவோர்க்குத் தமிழ்நாட்டில் வட்டியில்லை. அதை முன்கூட்டி அடைப்பதில் ஆதாயமில்லை, ஆனால் கெடுவை ஒரு நாளும் தவறவிடலாகாது.

5. மலையிலும் வயலிலும் உள்ளோர்க்கு

இதுவரை கூறியது மாதக் கூலி பெறுவோர்க்குப் பொருந்தும். கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுவோர்க்கும், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புவோர்க்கும் வருமானம் மாதந்தோறும் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. அவர்கள் ஐந்தொகையை அறுவடைக்கு முன் ஒருமுறையும், பணம் கைக்கு வந்த வாரத்தில் ஒருமுறையும் எழுதினால் போதும். பணம் வந்த அன்றே அதை மூன்று பிரிவாக்குக: கடன் தவணை, அடுத்த பயிர்ச் செலவு, பன்னிரண்டு மாதக் குடும்பச் செலவு. மிஞ்சியதே சேமிப்பு. அறுவடைக்குப் பின் ஆண்டுத் தவணை விழுமாறு கெடுவை அமைக்கும்படி கடன் வாங்கும்போதே கேட்பது நலம். 1929 இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றியதன் நோக்கமும், குடியானவரின் பழங்கடனை நீண்ட கெடுவும் குறைந்த வட்டியும் உள்ள கடனாக மாற்றி, நிலத்தின் விளைவிலிருந்தே அடைக்கச் செய்வதுதான்.

மலையிலுள்ள அன்பர்கள் மற்றொன்றையும் வலப்பக்கத்தில் எழுத வேண்டும். அது வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். “வட்டியில்லாமல் கொடுத்தார்” என்பார்கள். ரூ. 10,000 முன்பணம் வாங்கியவர், ஆறு மாதங் கழித்து ஐந்து டன் கிழங்கை டன்னுக்கு ரூ. 500 குறைத்துக் கொடுப்பதாகக் கொள்வோம். குறைந்தது ரூ. 2,500. ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 50 வட்டி! முன்பணத்தின் வட்டி பத்திரத்தில் தெரிவதில்லை. எடையிலும் விலையிலும் தெரியும். லேம்ப் சங்கம் என வழங்கும் மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது, இத்தகைய கட்டிலிருந்து விடுபடுவதற்கே.

6. ஓய்வுத் தொகை வரும் நாள்

சேமிப்பு நிதியோ வைங்கியமோ மொத்தமாகக் கைக்கு வரும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள், அபாயமான நாளுங்கூட. அன்று உறவினர் பலர் நினைவுக்கு வருவார்கள். ஆகவே வரிசையை முன்னரே எழுதி வைத்துக்கொள்க. முதலில் ஆறு மாதச் செலவுக்கான இருப்பு; ஓய்வு பெற்றவர்க்கு மூன்று மாதம் போதாது. அடுத்து, மிகுந்த வட்டிக் கடன்கள். அடுத்து, ஈட்டுக் கடனின் மீதி. எஞ்சியதை அறுபது வயது நிரம்பியோர்க்கென அஞ்சலகத்தில் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலோ சங்க வைப்பிலோ இட்டால் வட்டி கைக்கு வரும். நெசவாளர்க்கான முதியோர் ஓய்வூதியத்துக்கும் உரிய வயதில் சங்கத்தின் மூலம் விண்ணப்பம் செய்ய மறக்கலாகாது.

7. கடன் தீர்ந்தது என்பதற்கு அடையாளம்

கடைசித் தவணை கட்டிய ரசீது மட்டும் போதாது. பாக்கியில்லைச் சான்று பெற வேண்டும். ஒப்படைத்த மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்க வேண்டும். ஈடு பதிவாகியிருந்தால் அதற்கான ரத்து ஆவணத்தையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைப் பார்க்க வேண்டும். தன் கட்டுப்பாட்டிலுள்ள வங்கிகளும் கடன் நிறுவனங்களும், கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், தம்மால் நேரும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு செய்ய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது.

1904 ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதற் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டபோது, உழவர், கைவினைஞர், சிறுவருவாயினர் ஆகியோரிடையே சிக்கனத்தையும் தன்னுதவியையும் கூட்டுறவையும் வளர்ப்பதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. மூன்றில் சிக்கனம் முதலில் நின்றதைக் கவனியுங்கள். சங்கம் கடன் கொடுக்கும் இடம் மட்டுமன்று. கடனிலிருந்து வெளியேறக் கற்கும் இடமும் அதுவே. பாவு இழைகளை எண்ணாமல் தறியில் ஏற்றாத நாம், வீட்டுக் கடனை மட்டும் எண்ணாமல் ஏற்றிக்கொள்ளலாமா?

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உம் கடனில் இன்றைய நிலுவை அசல் எவ்வளவு? கைப்புத்தகமும் பேரேடும் ஒத்திருக்கின்றனவா?

2. நீர் குறித்துள்ள ஓய்வு ஆண்டு எது? கடைசித் தவணை அதற்கு முன்னதாக விழுகிறதா?

3. மூன்று மாதக் குடும்பச் செலவு உம்மிடம் தனியே இருக்கிறதா?

4. உம் கடன்களுள் மிகுந்த வட்டியுடையது எது? வியாபாரி முன்பணத்தையும் கணக்கிட்டீரா?

5. இவ்விடைகளை உம் வீட்டில் வேறு யார் அறிவார்?