டார்வினில் மழைக்காலம்: புதிதாகக் குடியேறியோர் அறிய வேண்டியவை

டார்வினில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருவோருக்கு வெப்பமும் மழையும் பழகியவையே. அப்பழக்கமே சிலவேளை ஏமாற்றிவிடுகிறது.

இப்பருவத்தில் ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் காணப்படும் ஒருவகைக் கிருமி, மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலே அது உட்புகப் போதும். பெருங்காற்றும் மழையும் சேர்ந்தடிக்கும்போது மூச்சுவழியாகவும் புகலாம். நீரிழிவு உள்ளோரை அது கடுமையாகத் தாக்கும். சிகிச்சை தாமதித்தால் உயிரிழப்பும் நேரும். தமிழரிடையே நீரிழிவு பரவலாக இருப்பதாலும், கறிவேப்பிலைச் செடிக்கு வெறுங்காலுடன் மண் அணைக்கும் வழக்கம் எளிதில் விடாததாலும் இதனைத் தனித்துச் சொல்ல வேண்டியுள்ளது. தோட்ட வேலைக்கு மூடிய காலணியும் கையுறையும் அவசியம். காய்ச்சலோ இருமலோ ஆறாத புண்ணோ தோன்றினால் மருத்துவரிடம் உடனே செல்லவேண்டும்; நீரிழிவு இருப்பதையும் மண்ணில் வேலை செய்ததையும் கேட்காமலே கூறிவிடுவது நலம்.

அக்டோபர் முதல் மே வரை கடலில் கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லி மீன்கள் திரியும், நீராடலாகாது. கொட்டினால் 000 எண்ணை அழைத்து, அவ்விடத்தில் வினிகர் தாராளமாக ஊற்றவேண்டும். ஆறுகளில் முதலை ஆண்டு முழுவதும் உண்டு.

1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அதிகாலையில் தாக்கிய டிரேசி புயல் 66 உயிர்களைப் பறித்தது. கட்டட விதிகள் அதன்பின்னரே கடுமையாயின. ஆகவே, பழைய வீட்டை வாடகைக்கு எடுப்போர் அது புயல் தாங்கும் வீடா என உரிமையாளரிடம் கேட்டறிந்து, இல்லையெனில் அருகிலுள்ள பொதுப் புகலிடத்தை நவம்பருக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும்.