தாயின் தொழில்

பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் வீட்டுக்கு வரும் படிவங்களில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மாணவர்கள் பலர் அதில் ‘இல்லத்தரசி’ என்ற சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

ஈசூனில் நான்கறை வீடு ஒன்றில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். மகள் தொடக்கநிலை மூன்றில் இருக்கிறாள். தந்தை விமான நிலையத்தில் பழுதுபார்ப்புப் பணி செய்கிறார். அவருக்கு வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். தாய்க்கு வயது 42. மகன் படிவத்தை நிரப்பிக் கையொப்பத்திற்காக அவரிடம் நீட்டினான்.

“இல்லத்தரசின்னு போட்டிருக்கியா?”

“ஆமாம்மா. வேற என்ன போடுறது?”

தாய் பதில் சொல்லவில்லை. கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு மீண்டும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். மேசைமீது மூன்று ரவிக்கைகள் வெட்டிய நிலையில் கிடந்தன. மறுநாள் மாலை ஒரு திருமண வரவேற்புக்கு அவை போயாக வேண்டும்.

மகன் எழுதியது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

அந்தத் தாய் ஒன்பது ஆண்டுகள் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். இரண்டாவது குழந்தை பிறந்த ஆண்டில் மாமியாருக்கு உடல்நலம் குன்றியது. கைக்குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிலை. கணவரும் மனைவியும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். குழந்தைப் பராமரிப்பு நிலையக் கட்டணம், பணிப்பெண்ணின் சம்பளம், அதற்கான தீர்வை என ஒவ்வொன்றாகக் கழித்தால் இருவரில் குறைந்த சம்பளம் வாங்குபவரின் வருமானத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று தெரிந்தது. குறைந்த சம்பளம் அவருடையது. ஆகவே அவர் வேலையை விட்டார். இத்தகைய கணக்கில் பெரும்பாலும் தாயின் சம்பளம்தான் கழிக்கப்படுகிறது. குழந்தைப் பராமரிப்புச் செலவை இருவரின் சம்பளத்திலிருந்தும் பாதிப் பாதியாகக் கழித்துப் பார்க்கும் குடும்பங்கள் குறைவு.

“குழந்தைகளுக்காக எவ்வளவு பெரிய தியாகம்!” என்று உறவினர்கள் அப்போது பாராட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே உறவினர்கள், “வீட்டுல சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் செஞ்சு கொடேன்” என்றார்கள்.

அலுவலகத்தில் அவரை எல்லாரும் பெயர் சொல்லி அழைப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பெயர் மெல்ல மெல்ல மறைந்தது. கீழ்த்தளத்தில் சந்திக்கும் மற்ற பெற்றோருக்கு அவர் இன்னாருடைய அம்மா. மருந்தகத்தில் இன்னாருடைய மருமகள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் ஏறிய சம்பளம் நின்றது அவருக்குக் குறையாகத்தான் இருந்தது. ஆனால் தம்முடைய பெயரை யாரும் உச்சரிக்காத நாள்கள் வந்தபோது அதைவிடப் பெரிய வெறுமையை உணர்ந்தார். இதை வெளியே சொல்லவும் அவருக்குத் தயக்கமாக இருந்தது. பிள்ளைகளோடு இருப்பதில் மகிழ்ச்சி இல்லையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். மகிழ்ச்சி இருந்தது, வெறுமையும் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

‘சும்மா இருப்பது’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். உணவங்காடி நிலையத்தில் ஒருவர் தோசை சுட்டு விற்றால் அதன் மதிப்பு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் சேரும். அதே தோசையை அவரே வீட்டில் தம் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்தால் சேராது. குழந்தைப் பராமரிப்பு நிலைய ஆசிரியரின் உழைப்பு கணக்கில் வரும்; பிள்ளையை வீட்டில் வளர்க்கும் தாயின் உழைப்பு வராது. உலக நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையின் விதி இது. விலை இல்லாத சேவையை அளப்பது கடினம் என்பதே பொருளியலாளர்கள் கூறும் முக்கியக் காரணம். அளக்க முடியாததால் விடப்பட்டது, காலப்போக்கில் மதிப்பே இல்லாதது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

தையல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது தற்செயலாகத்தான். தம் பழைய ரவிக்கைகளைப் பிரித்துச் சரிசெய்யத் தொடங்கினார். ஏழாம் மாடியில் இருந்தவர் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். ஓராண்டுக்குள் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஆயத்த ஆடையின் அளவைக் குறைப்பது, லைனிங் வைத்த ரவிக்கை தைப்பது என்று வாரத்துக்கு நான்கைந்து வேலைகள் வந்தன. வாடிக்கையாளர்கள் அவரை ‘அக்கா’ என்றார்கள். லைனிங் துணியும் கொக்கியும் வாங்கத் தேக்காவுக்குப் போகும் சனிக்கிழமைக் காலைகள் அவருக்குப் பிடித்தமானவை. அங்கே அவர் யாருடைய அம்மாவாகவும் போகவில்லை.

வீட்டில் இப்படித் தொழில் செய்யலாமா என்ற ஐயம் அவருக்கு முதலில் இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் தையல், சிறு அளவில் கேக் செய்வது, ஒரு நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேற்படாமல் துணைப்பாடம் நடத்துவது போன்ற சிறுதொழில்களைச் செய்ய முன் அனுமதி தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவ்வீட்டில் வசிக்காத எவரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. வெளியே பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. இரைச்சல், புகை, நாற்றம் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது. வீடு முதலில் வீடாகவே இருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை. அடையாள அட்டையில் உள்ள தம் முழுப் பெயரிலேயே ஒருவர் தனியாளாகத் தொழில் நடத்தினால் அதை வணிகமாகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை என்பதையும் அவர் தெரிந்துகொண்டார். தம் முழுப் பெயரைச் சிறு துணிப்பட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு ரவிக்கையின் உட்புறத்திலும் வைத்துத் தைக்கத் தொடங்கினார்.

அவர் செய்த தவறு விலையில் இருந்தது. ஒரு ரவிக்கைக்கு 25 வெள்ளி வாங்கினார். லைனிங், நூல், கொக்கி எல்லாம் சேர்த்து 6 வெள்ளி ஆகும். அளவெடுத்து, வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்தபின் திருத்திக் கொடுக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். மீதமிருக்கும் 19 வெள்ளியை நான்கால் வகுத்தால் மணிக்கு 5 வெள்ளிகூட இல்லை. ஒன்பது ஆண்டுகள் பிறருடைய கணக்கைச் சரிபார்த்தவர் தம் கணக்கை எழுதிப் பார்க்கவே இல்லை. “வீட்டுலதானே இருக்கேன், நேரத்துக்கு என்ன விலை?” என்று எண்ணியிருந்தார். உறவினர்கள் சொன்ன ‘சும்மா’ என்ற சொல்லை அவரே தமக்குள் ஏற்றுக்கொண்டிருந்தார். கணக்கை எழுதிப் பார்த்த நாளில் விலையை 40 வெள்ளியாக உயர்த்தினார். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகினார்கள். மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

உண்மையான சோதனை தீபாவளிக்கு முன் வந்தது. சிங்கப்பூரில் தீபாவளி அக்டோபர் நடுவிலோ அதன்பின் நவம்பர் நடுப்பகுதிக்குள்ளோ வரும். பள்ளிகளின் ஆண்டிறுதித் தேர்வும் ஏறத்தாழ அப்போதுதான். தைக்க வேண்டிய ரவிக்கைகள் இருபத்திரண்டு சேர்ந்துவிட்டன. மகனுக்குக் கணிதத் தேர்வு. மகளுக்குக் காய்ச்சல். தந்தைக்கு அந்த வாரம் இரவு வேலை. நான்கு நாள் தொடர்ந்து இரவு உணவு உடனடி நூடல்ஸ்தான். பத்து மணிக்கு மேலும் இயந்திரம் ஓடியதால் கீழ்வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அவர் போனபின் மகன் மெதுவாகச் சொன்னான்:

“நீங்க ஆஃபீசுக்கே போயிருக்கலாம்மா. ஆறு மணிக்காவது வீட்டுக்கு வந்திருப்பீங்க.”

அந்தச் சொற்கள் தாயைச் சுட்டன. பிள்ளைகளுக்காக வீட்டில் இருப்பவர் வீட்டிலேயே இருந்தும் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு கதவு உண்டு. அதை மூடிவிட்டு வரலாம். சாப்பாட்டு மேசையே வேலை மேசையாகும்போது வேலை எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நூடல்ஸ் கொதிக்க வைக்கத் தெரிந்த பதினான்கு வயதுப் பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

தேர்வு முடிந்ததும் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள். தீபாவளிக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே புதிய துணி வாங்குவதை நிறுத்திவிடுவது, இரவு ஒன்பதரைக்கு இயந்திரத்தை மூடி போட்டு மூடிவிடுவது, துணி துவைத்து மடிக்கும் பொறுப்பைத் தந்தையும் வாரத்தில் இரு நாள் சமைக்கும் பொறுப்பை மகனும் ஏற்பது என்று முடிவாயிற்று. முதல் வாரச் சாம்பார் குடிக்கக்கூடியதாக இல்லை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வருமானத்தைக் கையாள்வதிலும் அவர் ஒரு மாற்றம் செய்தார். தையல் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு ஒவ்வொரு வெள்ளியையும் எழுதி வைத்தார். இதற்குக் காரணம் உண்டு. ஒருவர் நிறுவனத்தில் வேலை செய்தால் அவருடைய மத்திய சேம நிதிக் கணக்கில் அவரும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்துவார்கள். 1955ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. வேலையை விட்டவுடன் அந்த வரவு நின்றுவிடும். வீட்டில் இருந்த ஆண்டுகளுக்கான இடைவெளியைத் தாய்மார்கள் முதுமையில்தான் உணர்கிறார்கள். சொந்தத் தொழில் செய்பவரின் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். அதற்கு மேலும் விரும்பினால் தாமாகவே சேமிக்கலாம். விதிகளுக்கு உட்பட்டுக் கணவரும் மனைவியின் கணக்கை நிரப்பலாம். இக்குடும்பத்தில் தந்தை தமக்குக் கிடைத்த போனஸ் தொகையில் ஒரு பகுதியை அப்படி நிரப்பினார். அதை அவர் அன்பளிப்பு என்று சொல்லவில்லை, பாக்கி என்றார்.

வீட்டு உழைப்பைச் சட்டமும் காணாமல் இருந்துவிடவில்லை. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் நிறைவேற்றப்பட்டது. மணவாழ்க்கை முறிந்து சொத்தைப் பிரிக்கும் நிலை வந்தால், சம்பாதித்தவர் போட்ட பணத்தோடு வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தவரின் பங்களிப்பையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இன்று அச்சட்டம் கூறுகிறது. முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. நாட்டின் உற்பத்திக் கணக்கில் இடம்பெறாத உழைப்பு நீதிமன்றத்தின் கணக்கில் இடம்பெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இருப்பினும் வீட்டுத் தொழில் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் பிற்பகுதியில் நோய்ப்பரவல் கட்டுப்பாடுகள் கடுமையாக்கப்பட்டபோது, வீட்டிலிருந்து உணவு விற்றவர்கள் மே 12ஆம் தேதி வரை தங்கள் தொழிலை நிறுத்த நேர்ந்தது. நோன்பு மாதத்தில் விற்பதற்காக மாவும் வெண்ணெயும் வாங்கிக் குவித்திருந்த தாய்மார்களுக்கு அது பெரும் அடி. இத்தொழிலை விரும்பாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்டு ஊழியர் முறையாக விண்ணப்பித்தால் முதலாளி அதை நியாயமாகப் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் அந்தத் தாய் கப்பல் நிறுவனத்திலேயே இருந்திருப்பாரா? கேட்டால், “தெரியலை” என்றுதான் சொல்வார். அது நேர்மையான பதில்.

2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் 4,000 வெள்ளி கூடுதலாக வழங்கப்பட்டது. அதன் பிறகு 40 வயதை எட்டுவோருக்கும் அது கிடைக்கிறது. குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கே அதைப் பயன்படுத்தலாம். சம்பளம் வாங்குபவரா, வீட்டில் இருப்பவரா என்ற வேறுபாடு அதில் இல்லை. அந்தத் தாய் கணக்கியல் பயிற்சி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் மீண்டும் அலுவலக வேலைக்குப் போகலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தையலகம் தொடங்கலாம் என்று மறுநாள் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் மீண்டும் படிவம் வந்தது. மகன் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, ஒன்றை மட்டும் விட்டுவைத்து, பேனாவோடு தாயிடம் கொண்டுவந்தான். அவர் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் படிவத்தை வாங்கினார். ‘தையற்காரர், இல்லத்தரசி’ என்று எழுதினார். பிறகு மகளின் படிவத்தையும் எடுத்து வரச் சொன்னார்.