தடித்த சுவர் காப்பாற்றாது

“அந்தக் காலத்துச் சுவர் சார், ரெண்டடி கனம். எந்த நிலநடுக்கமும் அசைக்க முடியாது.” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படித்தவர்களும் சொல்கிறார்கள், வீடு கட்டித் தருபவர்களும் சொல்கிறார்கள். இது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை.

மகாராஷ்டிரத்தின் கில்லாரிக்கு வாருங்கள். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். நிலநடுக்கத்தின் அளவு 6.2தான். இறந்தவர்களோ ஏறத்தாழ 8,000 பேர். அங்கே சுவர்கள் மெலிந்தா இருந்தன? இரண்டடிக்கும் மேல் கனமான கருங்கல் சுவர்கள். அவைதான் உறங்கியவர்கள் மேல் சரிந்தன.

ஏன்? அந்தச் சுவர் பார்வைக்குத்தான் ஒன்று. உள்ளே பார்த்தால் உள்பக்கம் ஒரு வரிசைக் கல், வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் மண்ணும் சல்லியும். இரண்டு வரிசையையும் பிணைக்க எதுவும் இல்லை. தரை குலுங்கியதும் நடுவிலிருந்த மண் நெகிழ்ந்தது. இரு வரிசைகளும் வயிறு பிதுங்கிப் பிரிந்தன. மேலே மரச்சட்டங்களின் மீது கனத்த மண்கூரை. தாங்கிய சுவர் போனதும் அத்தனை மண்ணும் கீழே வந்தது. மரத்தூண்கள் கூரையைத் தாங்கிய சில வீடுகளில் சுவர் விழுந்த பின்னும் கூரை நின்றது.

நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்து சுவரை இடிப்பதில்லை. தரை நகர்கிறது, கட்டடத்தின் எடை கூடவே நகர மறுக்கிறது. எடை கூடக் கூட விசையும் கூடும். பிணைப்பில்லாத கனம் ஆபத்தையே கூட்டுகிறது. அதனால்தான் இந்திய விதிகள் கல்சுவரின் கனத்தை 45 சென்டிமீட்டருக்குள் நிறுத்துகின்றன. சுவரின் அகலம் முழுக்க ஊடுருவும் கற்களை உயரத்தில் இரண்டடிக்கு ஒரு வரிசையாக, நீளவாக்கில் நாலடிக்கு மிகாத இடைவெளியில் வைக்கச் சொல்கின்றன.

“தக்காணத்தில் நிலம் நடுங்காது” என்பது கில்லாரியோடு செத்துப்போன பேச்சு. அதுவரை அந்த ஊர் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில்தான் இருந்தது. நம் சென்னையும் 2002இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. “வாசல் நிலைக்குக் கீழே நின்றால் போதும்” என்பதும் தவறு. சுவர் விழுந்தால் நிலையும் கூடவே விழும்.

செங்கல்லோ கருங்கல்லோ, என் வேண்டுகோள் லிண்டல் பற்றியது. கதவு, ஜன்னல்களுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டு நிறுத்திவிடுகிறோம். அதை வீட்டின் எல்லாச் சுவர்களிலும், மூலையில் அறுந்துவிடாமல், ஒரே பட்டையாக ஓட்ட வேண்டும். 75 மில்லிமீட்டர் உயரக் கான்கிரீட், உள்ளே குறைந்தது இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகள், 15 சென்டிமீட்டருக்கு ஒரு வளையம். இது சுவர்களைத் தனித்தனியே சாயவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். வீட்டுச் செலவில் இது சிறு தொகை. மேஸ்திரி “இதெல்லாம் எதுக்குங்க” என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள், மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் போகிறதா என்று கான்கிரீட் போடும் முன் நீங்களே நின்று பாருங்கள்.