உம்மாவின் செலவுப் பணமும் பிள்ளை பார்க்கும் கூலியும்

கடைச் சிப்பந்திக்குக் கொடுத்த பெருநாள் அன்பளிப்பை அவர் சம்பளத்தில் கழிக்க நாம் துணிவதில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் உம்மாவுக்கு மாதந்தோறும் கொடுக்கும் செலவுப் பணத்தையே கூலியாகவும் எண்ணிக்கொள்கிறோம். வியாபாரிகளான நமக்கு இந்தப் பேரேட்டுப் பிழை அழகல்ல.

வறிய பெற்றோரின் ஜீவனம் வசதியுள்ள மக்கள்மீது மார்க்கக் கடமை. சிங்கப்பூரின் 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும், 60 வயதாகித் தம்மைத் தாமே பேண இயலாதோருக்கு அதைக் கோரும் உரிமையளிக்கிறது. அவர் பிள்ளையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அது கொடுபட வேண்டியதே.

பிள்ளை வளர்ப்புச் செலவோ தகப்பன் பொறுப்பு. உறவுக்குள் கூலியா என முகஞ்சுளிப்போர், தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைப் பார்க்கட்டும். மணவிலக்கான தாய் தன் சொந்தக் குழந்தைக்குப் பாலூட்டினாலும் கூலி கொடுக்கச் சொல்கிறது.

12 வயது வரையுள்ள பிள்ளையைப் பாட்டன் பாட்டி கவனித்தால், சிங்கப்பூர் வருமான வரியில் 3,000 வெள்ளி கழிவு உண்டு. அது வேலை செய்யும் தாய்க்குரியது. பாட்டியின் கைக்கு ஒரு காசும் வராது.

"எனக்கெதற்கு வாப்பா பணம்?" என்றுதான் உம்மா முதலில் சொல்வார். அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். மருமகள் இல்லாத வேளையில் மீண்டும் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு, எந்த நாள் ஓய்வு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.