வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்போம்

ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறையினர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அந்நாளில் வண்டி கைக்கு வந்து சேர்வதே பெரும்பேறு. ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வாங்குபவர் இருக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவுடன் 100 சிசி மோட்டார் சைக்கிள்கள் சந்தைக்கு வந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இன்று வாடிக்கையாளருக்காக விற்பனை நிலையம் காத்திருக்கிறது. சோதனை ஓட்டத்துக்கென்றே வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. ஆயினும் நம்மில் பலர் அந்த வண்டியில் ஏறி, அடுத்த திருப்பம் வரை சென்று திரும்பி, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூறிக் கையொப்பம் இட்டுவிடுகிறோம். ஐந்து நிமிட ஓட்டத்தை நம்பி மூன்றாண்டுத் தவணைக்கு உடன்படுகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். கணவர் தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தொன்றில் தோல்பைகள் தைப்பவர். நாள்தோறும் செம்பூர்க் கடைகளுக்குச் சரக்கு கொண்டு செல்கிறார். மாலையில் மாட்டுங்காவில் பணிபுரியும் மனைவியை வீட்டுக்கு அழைத்து வருகிறார். அவருக்கு ஏற்றது 125 சிசி வண்டி என்று மனம் சொல்கிறது. ஆசையோ 350 சிசி வண்டியின் மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததால், பெரிய வண்டியும் எட்டும் தொலைவில் தெரிகிறது. இவர் சோதனை ஓட்டத்தை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் நம் பாதை

விற்பனை நிலையத்துக்குச் செல்லும் முன், நாம் அன்றாடம் செல்லும் பாதையை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். நம் குடும்பத்தலைவரின் பாதை தாராவியிலிருந்து சயான் வழியாகச் சயான்–டிராம்பே சாலையில் செம்பூர் வரை. மாலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம். இதில் நெருக்கடியான சந்திப்புகள் பல. செம்பூரை நெருங்கினால் மாஹுல் எண்ணெய் ஆலைகளுக்குச் செல்லும் டேங்கர் லாரிகளும் உடன் வரும்.

மும்பையில் இன்னொன்றையும் கருத வேண்டும். வேகமாகச் செல்லத்தக்க பாதைகள் பலவற்றில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பாந்திரா–வொர்லி கடற்பாலம், கிழக்கு விரைவுப் பாதை, ஜே.ஜே. மேம்பாலம், கடற்கரைச் சாலை, அடல் சேது ஆகியவற்றில் நாம் மோட்டார் சைக்கிளில் செல்ல இயலாது. செம்பூரிலிருந்து தென்மும்பைக்குக் காரில் செல்பவர் கிழக்கு விரைவுப் பாதையில் ஏறிவிடுவார். நாம் கீழே சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் செல்ல வேண்டும். எனவே நமக்கு வண்டி எவ்வளவு விரைவாகப் போகும் என்பதைவிட, எவ்வளவு மெதுவாக, நிதானமாக, கை வலிக்காமல் போகும் என்பதே முதற்கேள்வி.

புறப்படும் முன்

விற்பனையாளரின் வணிகச் சான்றிதழின் கீழ் உள்ள வண்டியை, வாங்க விரும்புபவர் ஓட்டிப் பார்க்க மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இடம் தருகின்றன. ஆகவே தயங்காமல் கேட்கலாம். ஆனால் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் நம் கையில் இருக்க வேண்டும். கியர் இல்லாத வண்டிக்குப் பெற்ற உரிமம் இதற்குப் போதாது. சோதனை வண்டியின் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று கேட்போம். கையொப்பமிடச் சொல்லும் படிவத்தில், சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்று எழுதியிருப்பதைப் படித்த பின்னரே கையொப்பமிடுவோம்.

தலைக்கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டு செல்வோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, நம் தலைக்குப் பொருந்திய கவசமே பாதுகாப்பு. மும்பையில் பின்னிருக்கையில் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தி வருகிறது. ஆதலால் இரண்டு கவசங்கள் தேவை.

நாம் வாங்க எண்ணும் அதே வகை வண்டியையே கேட்க வேண்டும். ஒரே பெயரில் டிரம் பிரேக் உள்ளதும் டிஸ்க் பிரேக் உள்ளதும் விற்கப்படுகின்றன. உயர்ந்த வகையை ஓட்டிப் பார்த்துவிட்டு, விலை கருதித் தாழ்ந்த வகையை வாங்கினால் சோதனையால் பயனில்லை.

நிற்கும் வண்டியில் ஐந்து நிமிடம்

இயந்திரத்தை இயக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும். இருக்கையில் அமர்ந்து இரு கால்களையும் தரையில் ஊன்றிப் பார்ப்போம். நுனிவிரல் மட்டுமே எட்டினால், மேடுபள்ளமான சாலையில் நிறுத்தும்போது தடுமாற நேரும். பிறகு இறங்கி, வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளித் திருப்புவோம். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றி இறக்குவோம்.

100 முதல் 125 சிசி வரையிலான வண்டிகள் பெரும்பாலும் 110 முதல் 125 கிலோ எடையுள்ளவை. 350 சிசி வண்டிகள் 180 முதல் 200 கிலோ வரை இருக்கும். ஓடும்போது இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. இரவு பத்து மணிக்கு, எதிரே கைவண்டி நிற்கும் சந்தில், இயந்திரத்தை அணைத்து வண்டியைத் திருப்பும்போது தெரியும். விற்பனை நிலையத்தின் வழவழப்பான தரையில் அதை உணர முடியாது. வெளியே சாலையோரத்தில் தள்ளிப் பார்க்க வேண்டும். வீட்டுச் சந்தின் அகலத்தையும், வண்டியின் கைப்பிடி அகலத்தையும் நீளத்தையும் அளந்து ஒப்பிடுவதும் நன்று.

ஓடும் வண்டியில் இருபது நிமிடம்

காலை பதினொரு மணிக்குச் சாலை ஓரளவு வெறிச்சோடியிருக்கும். அந்நேரத்தில் ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் இனிமையாகத் தோன்றும். நாம் வழக்கமாகச் செல்லும் நெருக்கடி நேரத்தையே கேட்டுப் பெறுவோம். முதல் சில நிமிடங்கள் வண்டியின் போக்குக்குக் கை பழகட்டும். அதன்பின் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

கிளட்ச்: சயான் சந்திப்பைப் போன்ற இடத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும்போது இடக்கை வலிக்கிறதா? வண்டி குலுங்கி அணைகிறதா?

வெப்பம்: சிக்னலில் நிற்கையில் இயந்திரத்தின் சூடு முழங்காலையும் கணுக்காலையும் தாக்குகிறதா?

பிரேக்: 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். என்னும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசி வரையிலானவற்றில் இரு சக்கரப் பிரேக்குகளும் ஒருங்கே இயங்கும் சி.பி.எஸ். அமைப்பேனும் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நாம் பார்க்கும் வண்டியில் எது உள்ளது என்று கேட்டறிவோம். பின்னால் வண்டி ஏதும் வராத இடத்தில், மிதமான வேகத்தில், சீராகப் பிரேக் பிடித்து, வண்டி நேராக நிற்கிறதா என்று பார்ப்போம். நெரிசலில் திடீர்ப் பிரேக் பிடித்துச் சோதிப்பது ஆபத்து.

ஏற்றம்: மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்பட நேர்ந்தால், வண்டி பின்னோக்கி நழுவாமல் நம்மால் எடுக்க முடிகிறதா?

திருப்பம்: கால் ஊன்றாமல் குறுகிய இடத்தில் திரும்ப முடிகிறதா? பக்கக் கண்ணாடியில் பின்னே வரும் வாகனம் தெரிகிறதா, நம் தோள் தெரிகிறதா?

மைலேஜ் மட்டும் இருபது நிமிடத்தில் தெரியாது. விளம்பரத்தில் காணும் அளவு, வரையறுத்த சோதனை நிலைமைகளில் கணக்கிடப்பட்டது. நம் பாதையிலேயே அதே வண்டியை ஓராண்டு ஓட்டியவரிடம் கேட்பதே நம்பத்தக்க வழி. அவரிடமே உதிரிபாகம் எளிதில் கிடைக்கிறதா, பழுதுபார்க்கும் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பின்னிருக்கையில் அமர்பவரும் சோதிக்கட்டும்

வண்டியில் டபுள்சீட் செல்வது அன்றாட வழக்கமாயின், சோதனையும் இருவராகவே அமைய வேண்டும். பின்னால் ஒருவர் அமர்ந்ததும் பிரேக்கும் திருப்பமும் மாறிவிடுகின்றன. பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் காலடித்தாங்கியும், ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்துக்குத் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சேலை அணிந்து ஒருபுறமாக அமர்பவர்க்கு இத்தடுப்பு உயிர்காப்பு. அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றச் சொல்லலாகாது. நம் எடுத்துக்காட்டில் வரும் மனைவி, ஏறி இறங்குவது எளிதா, பள்ளத்தில் முதுகு அதிர்கிறதா என்று கூறும் கருத்துக்குக் கணவரின் கருத்துக்கு இணையான மதிப்பு உண்டு.

மழையை எண்ணிப் பார்ப்போம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரில் ஓட்டுவது தனிக்கலை. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பகுதியில் தேங்கும் நீரை அறியாதவர் நம்மில் இல்லை. கோடையில் வாங்குபவர் மழையில் சோதிக்க இயலாது, ஆனால் கேட்கலாம். தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் உள்ளது? காற்று உள்ளே செல்லும் வழி எங்கே அமைந்துள்ளது? ஈரச் சாலையில் டயர் எவ்வாறு பிடிக்கிறது? பேவர் கற்களும் இரும்பு மூடிகளும் மழையில் வழுக்கும் நகரத்தில் இவை வீண்கேள்விகள் ஆகா.

பிறகே கணக்கும் கையொப்பமும்

வண்டி பொருந்துகிறது என்று தெளிந்த பின் கணக்குக்கு வருவோம். ஷோரூம் விலையுடன் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன சேர்ந்ததே நாம் செலுத்தும் தொகை. புதிய இரு சக்கர வாகனத்துக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். எந்த நிறுவனத்திடம் காப்பீடு பெறுவது என்பது நம் விருப்பம்.

கடனில் வட்டி வீதத்தை மட்டும் கேட்பது போதாது. அது எவ்வகையில் கணக்கிடப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். ரூ.1,00,000 கடனை 36 மாதங்களில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். குறைந்துவரும் அசலின் மீது 10 விழுக்காடு வட்டி எனில் மாதத் தவணை சுமார் ரூ.3,227, மொத்த வட்டி சுமார் ரூ.16,160. அதே 10 விழுக்காடு, தொடக்கக் கடன் முழுவதன் மீதும் மூன்றாண்டுக்குக் கணக்கிடப்பட்டால் தவணை சுமார் ரூ.3,611, மொத்த வட்டி ரூ.30,000. இரண்டாவது முறை, குறைந்துவரும் அசலின் மீது ஏறத்தாழ 18 விழுக்காடு செலுத்துவதற்குச் சமம்.

இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிவதற்காகவே, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் காணப்படும். எங்கே கடன் பெற்றாலும் அவ்வறிக்கையைக் கேட்டுப் பெற்று, அந்த ஒரு வீதத்தைக் கொண்டு ஒப்பிடுவோம். நம் குடும்பத்தலைவர் பெரிய வண்டிக்காக ரூ.2,00,000 கடன் பெற்றால், முதற்கூறிய முறையிலேயே தவணை சுமார் ரூ.6,453 ஆகும். சரக்கு விற்காத மாதத்திலும் அது செலுத்தப்பட வேண்டும்.

கடன் தீர்ந்ததும் வங்கியின் தடையின்மைச் சான்றிதழையும் 35ஆம் எண் படிவத்தையும் பெற்று, பதிவுச் சான்றிதழிலுள்ள ஹைபாதிகேஷன் பதிவை நீக்கிக்கொள்ள மறவாதிருப்போம்.

குடி பாட்வா, அட்சய திருதியை, தசரா ஆகிய நாட்களில் வண்டி எடுப்பது இந்நகரின் வழக்கம். அந்நாட்களில் நிதானமாக ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்காது. நல்ல நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சோதனை ஓட்டத்தை முடித்துக்கொள்வோம். முன்பணம் கட்டும் முன், வேண்டாமென்றால் அது திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் பெறுவோம். ஓட்டிய அன்றிரவே, கணவனும் மனைவியும் அமர்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் கண்ட நிறைகுறைகளை எழுதிப் பார்க்கட்டும். 350 சிசி வண்டி அந்தச் சந்தில் திரும்புமெனில், அவர் மனைவிக்கும் ஏற்றதெனில், தவணையும் தாங்குமெனில் மகிழ்ச்சியுடன் வாங்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் 125 சிசி வண்டியே அவருக்கு உற்ற துணை. அந்தத் தாளுடன் கடன் விண்ணப்பத்துக்கு வரும் வாடிக்கையாளரை எந்தக் கிளையிலும் மகிழ்ந்து வரவேற்போம்.